சக்கரையும் அக்கறையும்

என் மனைவி பல் டாக்டர். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அவள் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறாள், நான் என் வாயை மூடிக்கொண்டு பிழைக்கிறேன் என்று எங்கள் கல்யாணத்தில் யாரோ ஒரு ஜோக் அடித்தார்கள். அதை இருபத்தாறு வருஷமாக நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் அவள் சிரிப்பாள். பிறகு சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். கடைசி இரண்டு வருஷம் அதுவும் இல்லை. ஜோக் பழசாகிவிட்டது, ஆளும் பழசாகிவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், "சாவி எங்கே வெச்ச?" என்று கேட்டேன். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "ஆவியா? சளி பிடிச்சிருந்தா நேத்தே சொல்லக் கூடாதா?" என்றாள். சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டாள். நான் வாசலில் நின்றபடி, "சாவிம்மா, சாவி!" என்று கத்தினேன். "அப்படித் தெளிவாச் சொல்லுங்களேன். வாய்க்குள்ளயே பேசிக்கிட்டா எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று அடுப்பை அணைத்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் வீட்டைப் பூட்டினோம். நீலச் சட்டையைக் கேட்டு அட்டைப் பெட்டி வந்தபோதும் சிரித்தோம்.

நான் மெதுவாகப் பேசுகிற ஆள்தான், மறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் உங்கள் குரல் தலைவலி மாத்திரை மாதிரி இருக்கிறது என்பாள்.

அவள் கிளினிக் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. இரண்டு அறைகள். வெளி அறையில் பெஞ்சும், மூலையில் செருப்பு வைக்க ஒரு பலகையும். உள் அறையில் நாற்காலி, விளக்கு, மருந்து அலமாரி. அதே அறையில், ஒரு மரத் தடுப்புக்குப் பின்னால் கம்ப்ரஸர். அதில் காற்றுத் தீர்ந்தால் யாரையும் கேட்காமல் உறும ஆரம்பிக்கும், ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்கும். அதற்கு மேல் எச்சிலை உறிஞ்சுகிற குழாயின் இரைச்சல். அதற்கும் மேல் பல்லைக் குடைகிற டிரில். பன்னிரண்டு வருஷப் பழசான ஒரு டிரில்லை மட்டும் அவள் விடவே மாட்டாள். உள்ளே தேய்ந்துபோய் அது தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி கத்தும். புதுசு வாங்கேன் என்றால், "என் கைக்குப் பழகினது. அது கத்தினா கத்திட்டுப் போகுது, வேலை சுத்தமாச் செய்யுதில்ல?" என்பாள்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் அவளோடு பதினெட்டு வருஷமாக நிற்பவள் பம்பரம். உதவிக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஒரு கையால் நோயாளிக்குத் தண்ணீரும் மறு கையால் டாக்டருக்குப் பஞ்சும் கொடுத்துக்கொண்டு, தோளில் இடுக்கிய போனில் நாளைக்கு நேரமும் சொல்லிக்கொண்டு அவள் சுற்றியதைப் பார்த்து என் மனைவி வைத்த பெயர். இப்போது அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்கூட பம்பரம் அம்மா என்றால்தான் தெரியும்.

அந்தப் பம்பரத்துக்குக் காது மந்தமாகிவிட்டது என்று என் மனைவி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

"ஏதாவது கேட்டா பதிலே இல்லங்க. 'அடுத்தது யாரு?'ன்னு கேக்கறேன், பேசாம நிக்கறா. ரெண்டாவது தடவை கேட்டா, ஏதோ நான்தான் தப்புப் பண்ணின மாதிரி பார்க்கறா. பாவம், அத்தனை வருஷமா அந்தச் சத்தத்துல நிக்கறா இல்ல? நான் கவனிச்சிருக்கணும்."

"நீயும் அதே சத்தத்துலதானே நிக்கற?" என்றேன்.

"ம்" என்றாள், தட்டைப் பார்த்தபடி.

இந்த 'ம்' பற்றிச் சொல்ல வேண்டும். அச்சகத்தில் நடக்கும் வேடிக்கையை எல்லாம் வீட்டுக்கு வந்து அவளிடம் கொட்டுவது என் வழக்கம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'குலம் தழைக்க' என்பது 'குளம் தழைக்க' என்று வந்ததைச் சொன்னால், ஒரு காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போது 'ம்'. மறுபடி சொன்னால் இன்னொரு 'ம்'. மூன்றாவது தடவை சொல்லும் அளவுக்கு எந்த ஜோக்கும் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக நான் நிறுத்திக்கொண்டேன். வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் போன் செய்தாலும், "அப்பாகிட்ட பேசு" என்று என் மனைவி உடனே போனை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போவாள். மகளே ஒருநாள் கேட்டாள், "அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம்?" என்று. எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால், "வேலை அதிகம்மா" என்று சமாளித்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு 'சாப்பிட்டாச்சா', 'பூட்டியாச்சா' என்ற இரண்டு வார்த்தைக்கு வந்து நின்றது. மனஸ்தாபம் என்று எதுவும் இல்லை. ஆனால் நல்ல சோபா ஒன்று பழசாகி மெத்தை உள்ளே போவதுபோல் ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த பஸ் டிரைவர் வந்தார்.

ரிடையரானவர். கடைவாய்ப் பல் ஒன்று ஆடி வலிக்கிறது, பிடுங்க வேண்டும். பம்பரம் பின்பக்கம் சாமான்கள் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் சாய்ந்தவரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள் என் மனைவி. வேறு ஏதாவது உடம்புக்கு உண்டா என்றதும், "டாக்டர், சக்கரை இருக்கு" என்றார் அவர்.

என் மனைவி காதில் அது 'அக்கறை இருக்கு' என்று விழுந்தது.

"இருக்கணும். அதுதான் முக்கியம்," என்று சந்தோஷமாகச் சொன்னாளாம். "பாதிப் பேருக்கு அது இல்லாமத்தான் பல்லே போகுது."

அவர் கொஞ்சம் குழம்பியிருக்கிறார். ஆனால் டாக்டரே சொல்கிறபோது யார் மறுத்துப் பேசுவார்கள்? தட்டோடு பம்பரம் உள்ளே வந்தபோது டாக்டர் மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். டிரைவர் பம்பரத்தைப் பார்த்து உற்சாகமாக, "ஏம்மா, சக்கரை இருந்தா பல்லுக்கு நல்லதாமே! வீட்டுக்குப் போய் முதல்ல என் பொண்ணுகிட்ட சொல்லணும். ஒரு மாசமா மாத்திரை முழுங்கலன்னு என்னை வறுத்தெடுக்கறா" என்றார்.

பம்பரம் தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. மற்றக் கையால் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. முகமூடியை இறக்கி, நேருக்கு நேராக, "டாக்டரம்மா, இவருக்குச் சக்கரை வியாதி. மாத்திரையும் சாப்பிடல" என்றாள்.

அவர் விரலைக் குத்திச் சோதித்தார்கள். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்து நம்பாமல் இன்னொரு விரலைக் குத்தினார்கள். அதே எண்தான். அன்று அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் புண் ஆறாமல் சீழ் வைத்து எங்கே போய் முடிந்திருக்குமோ. வலிக்கு மாத்திரையும், அவருடைய டாக்டருக்கு ஒரு கடிதமும் கொடுத்து, இன்றைக்கே போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

அவர் போனதும் என் மனைவி அந்த நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாளாம். "அவர் வாய்க்குள்ளயே முனகினார்" என்றாளாம். அதற்குப் பிறகு, "நீயும் கொஞ்சம் தெளிவாப் பேசிப் பழகணும், பம்பரம்."

அன்று மதியம் பம்பரம் அச்சகத்துக்கு வந்தாள். இதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. என் மேஜை முன்னால் நின்று, குடையை மடக்கி மடக்கிப் பிரித்தாள்.

"அண்ணே, டாக்டரம்மாவுக்குக் காது கேக்கல."

நான் கையில் இருந்த பேனாவை மூடினேன். "என்ன சொல்ற?"

நடந்ததை எல்லாம் அப்போதுதான் சொன்னாள். "இன்னிக்கு நேத்து இல்லண்ணே. ரெண்டு வருஷமாவது இருக்கும். வர்றவங்க சொல்றதை எல்லாம் நான்தான் திருப்பிச் சொல்லுவேன். 'கீழ, வலது பக்கம், ராத்திரியில வலிக்குதாம் டாக்டரம்மா'ன்னு முகமூடியை இறக்கிட்டுச் சத்தமாச் சொல்லிடுவேன். இவ ஏன் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொல்றான்னு வர்றவங்க பார்ப்பாங்க. பார்த்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கு ஒரு நிமிஷம்தான் பின்னால போனேன்."

"உனக்குத்தான் காது மந்தம்னு அவ சொல்லிக்கிட்டிருக்கா."

"தெரியும்ணே. போன வாரம் டார்ச் அடிச்சு என் காதுக்குள்ள பார்த்தாங்க." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான் பதில் சொல்லத்தான் செய்யறேன். அது அவங்களுக்கு விழ மாட்டேங்குது. அதனால எனக்குக் கேள்வியே விழலன்னு முடிவு கட்டிட்டாங்க."

"இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாற்காலியில உக்கார்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'பயப்படாதீங்க, நான் இருக்கேன்'ன்னு சொல்றவங்கண்ணே. அவங்க பயப்படறதை நான் பார்க்க வேண்டாம்னு இருந்தேன்."

அவள் போன பிறகு, எதிரே கிடந்த தாளின் ஓரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததை எல்லாம் எழுதிப் பார்த்தேன். சாவி, ஆவி. சட்டை, அட்டை. சக்கரை, அக்கறை. வரிசையாகப் பார்த்ததும் கண்ணில் அடித்தது. எல்லாவற்றிலும் முதலில் இருக்கும் 'ச' விழுந்துபோயிருந்தது. ஊரார் எழுதியதில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் சிவப்புப் பேனாவால் சுழிக்கிறவன் நான். என் வீட்டில் ஒரு எழுத்தே காணாமல் போய் இரண்டு வருஷமாகியிருக்கிறது. நான் அதற்குச் சலிப்பு என்று பெயர் வைத்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்று மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை.

நேரே சொன்னால் கேட்க மாட்டாள், இரண்டு அர்த்தத்திலும். ஆகவே நானும் பம்பரமும் ஒரு திட்டம் போட்டோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பம்பரத்தின் காதைச் சோதிக்க வேண்டும் என்று என் மனைவியே சொல்லிக்கொண்டிருந்தாள், பம்பரம் அதற்குச் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. "காது டெஸ்ட் பண்ற கூண்டுக்குள்ள தனியா உக்கார எனக்குப் படபடன்னு வருது. நீங்க முதல்ல உக்காந்து காட்டுங்க டாக்டரம்மா. அப்புறம் நான் உக்கார்றேன்."

நாற்காலியைப் பார்த்து அழும் குழந்தைகளுக்கு என் மனைவி செய்வது அதுதான். முதலில் அம்மாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பார் ஒன்றும் ஆகவில்லை என்பாள். அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. "நாப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் பாப்பா!" என்று பம்பரத்தின் கன்னத்தைக் கிள்ளினாள். திங்கள்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிள்ளையைக் கூட்டிப்போகிற மாதிரி பம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். நான் துணைக்குப் போனேன்.

காது பரிசோதிக்கும் இடத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். கண்ணாடி வைத்த சின்ன அறை, உள்ளே ஒரு ஸ்டூல். ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அழுத்துங்க, மேடம்" என்று கதவைச் சாத்தினாள். நாங்கள் வெளியே அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றோம். சத்தம் போகும்போதெல்லாம் மெஷினில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. விளக்கு எரிந்தால் கட்டை விரல் அழுத்தும். இளம்பெண் ஒரு குமிழைத் திருகினாள். மேலே போகிறோம், கீச்சென்ற சத்தங்கள் என்றாள். பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தம் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நான் பம்பரத்தைப் பார்க்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

வெளியே வந்தவளிடம் இளம்பெண் தாளைக் காட்டினாள். சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. வலது காதில் பள்ளம் இன்னும் ஆழம்.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றாள் என் மனைவி.

இளம்பெண் அதே ஹெட்போனை என் தலையில் மாட்டி, அதே சத்தத்தை அனுப்பினாள். காதுக்குள் கொசு பாய்ந்த மாதிரி இருந்தது. என்னை அறியாமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒரே நாள்ல வர்றதில்ல மேடம்," என்று அந்தப் பெண் அவள் வேலையை விசாரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "உங்க மெஷின் சத்தம் ஒரு தடவை கேட்டா ஒண்ணும் பண்ணாது. ஆனா தினமும், இருபத்தாறு வருஷம், முகத்துக்குப் பக்கத்துலயே வெச்சு... காதுக்குள்ள மயிரிழை மாதிரி சின்னச் சின்ன செல் இருக்கு. கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கிறதுதான் முதல்ல சாகுது. போனது முளைக்காது. வயசுக்கும் இதுல பங்கு இருக்கு. பேச்சுல ச, ஸ மாதிரி எழுத்து எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. அதான் ஆள் பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல."

பம்பரத்தையும் சோதித்தார்கள். அவள் கோட்டிலும் அதே இடத்தில் லேசாக ஒரு சரிவு. இப்போதே பார்த்துக்கொண்டால் இதோடு நிறுத்தலாம் என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் என் மனைவி நடுவில் உட்கார்ந்தாள். நாலைந்து ஸ்டாப் போனது. பிறகு பம்பரத்தின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்."

பம்பரம் தலையாட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

பம்பரம் இரண்டு விரலைக் காட்டினாள். அப்போதும் சத்தமாகப் பேசி நாலு பேர் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை அவளுக்கு. என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பம்பரத்தின் கையை மட்டும் விடவில்லை.

மறுநாளிலிருந்து கிளினிக் கதவில் 'விடுமுறை' என்று பலகை தொங்கியது. மூன்று நாள். வீட்டில் அலமாரிகளைக் காலி செய்து துடைத்தாள், மறுபடி அடுக்கினாள், மறுபடி காலி செய்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தரையில் உட்கார்ந்து பழைய டப்பாக்களுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், அவள் என் வாயைப் பார்க்கிற மாதிரி.

"கிளினிக்கை மூடிடலாம்னு இருக்கேன்," என்றாள். "அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகல."

"ஆகாததுக்கு நானா காரணம்? பம்பரம் வந்தா."

"அவ இனிமேலும் வருவா."

அவள் ஒரு டப்பாவைப் பொருந்தாத மூடியால் மூடப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க ஏன் என்கிட்ட பேசறதை நிறுத்திட்டீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா?"

"முன்னெல்லாம் வந்ததும் வராததுமா அச்சகத்துக் கதை எல்லாம் சொல்லுவீங்க. பிறகு ஒண்ணுமே சொல்றதில்ல. என்னைப் பார்த்தா உங்களுக்குச் சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். கேட்டு வாங்கிக் கட்டிக்க வேணாம்னு நானும் விட்டுட்டேன்."

"நான் சொல்லச் சொல்ல நீ 'ம்', 'ம்'னுதானே இருந்த! உனக்குத்தான் நான் சலிச்சுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"பாதி புரியல. மறுபடி மறுபடி கேட்டா நீங்க எரிச்சலாகறீங்க. 'ம்' சொன்னா வம்பில்லையே."

இரண்டு வருஷம். ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் படுத்து, அவரவர் மூலையில் தனித்தனியாகத் துக்கம் அனுஷ்டித்திருக்கிறோம். முதலில் சிரித்தது அவள்தான். சிரிப்பு நடுவில் திரும்பி அழுகையானது. நான் பக்கத்தில் நகர்ந்து, குளம் தழைத்த கதையை அவள் இடது காதுக்குக் கிட்டப் போய், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "குளம் எப்படித் தழைக்கும்? தாமரை இலையா?" என்று கேட்டாள். அந்த ஜோக்குக்கு இவ்வளவு நல்ல பதில் யாரும் சொன்னதில்லை.

கிளினிக்கை மூடவில்லை. காது மெஷின் வாங்கினோம், இரண்டு காதுக்கும். முதல் வாரம் அவள் அதைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பேப்பரைப் புரட்டினால் கூரை பிய்கிறது என்றாள். ஸ்பூன் தட்டில் பட்டால் பல்லைக் கடித்தாள். இரண்டு நாள் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். நானும் பம்பரமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்று மாலை நான் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றவள், "வேலை செய்யும்போது நீங்க வாய்விட்டுத் திட்டுவீங்களா?" என்று அதிசயமாகக் கேட்டாள். எனக்கே தெரியாத விஷயம் அது. 'அடப்பாவி, ஒற்றெழுத்தை எங்கேடா விட்ட?' என்று யாரோ ஒரு எழுத்தாளரை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம்.

கம்ப்ரஸரை மரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பின்பக்க மொட்டைமாடியில் ஒரு சின்னக் கொட்டகை போட்டு வைத்தார்கள். அறைக்குள் குழாய் மட்டும் வருகிறது. பழைய டிரில்லை அவள் கையாலேயே துணியில் சுற்றி, கடாசினாள். புதுசு கிசுகிசு என்றுதான் ஓடுகிறது. அப்படியும் டிரில்லை எடுத்தால் இரண்டு பேருக்கும் காதில் அடைப்பான், பேச்சு கேட்கும், கீச்சு குறையும் வகை. என் மனைவி அந்த நேரத்துக்கு மட்டும் காது மெஷினைக் கழற்றி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்வாள். "பஞ்சு மாதிரி அடைச்சுக்கிட்டு நான் எப்படி வேலை பார்க்கறது?" என்று முரண்டு பிடித்த பம்பரத்திடம், என் மனைவி அந்தத் தாளில் இருந்த சரிவை விரலால் தொட்டுக் காட்டி, "இது எனக்குப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால இருந்திருக்கும். யாரும் எனக்குக் காட்டல" என்றாளாம். அத்தோடு சரி. நோயாளி உடம்பைப் பற்றிச் சொல்வதை இப்போது முதலில் தாளில் எழுதி வாங்குகிறார்கள். பிறகு டாக்டர் அதைச் சத்தமாக வாசித்து, சரிதானே என்று கேட்கிறாள்.

இரண்டு மாசம் கழித்து பஸ் டிரைவர் வந்தார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் சீட்டோடு. என் மனைவி அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்று நடந்தது தன் தப்பு என்று முழுக்கச் சொன்னாள். எழுந்து போய்விடுவார் என்றுதான் பயந்தாளாம். அவர் காதைத் தடவிக்கொண்டு, "என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா" என்றார். முப்பது வருஷம் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தே ஓட்டியவர், அவருக்கும் ஒரு காது போயிருந்தது. பம்பரம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆடிய பல்லைப் பிடுங்கியாயிற்று. காது பரிசோதிக்கும் இடத்தின் முகவரியும் அவர் சட்டைப்பையில் போனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு புது வேலை. அவளோடு படித்தவர்கள், தெரிந்த பல் டாக்டர்கள் என்று ஒவ்வொருவரையும் போய்ப் பார்க்கிறாள். அவள் கையில் சத்தத்தை அளக்கும் சின்னக் கருவி, பம்பரத்தின் கையில் பள்ளம் விழுந்த அந்தத் தாள், என் கையில் பை. பாதிப் பேர் மரியாதையாகக் கேட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்புகிறார்கள். சிலர் கம்ப்ரஸரை வெளியே வைத்திருக்கிறார்கள். ஒருவர் மறுநாளே போய்ப் பரிசோதித்துக்கொண்டு, இன்னும் எதுவும் கெடவில்லை என்று போனில் நன்றி சொன்னார்.

போன வாரம் அவளுடைய வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கீழே கிளினிக், மாடியில் வீடு. பெரிய குரல், பெரிய சிரிப்பு. என் மனைவி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்து, "உனக்கு நேர்ந்தது வருத்தமான விஷயம்தான். ஆனா என் காது கிண்ணுன்னு இருக்கு. இருபத்தாறு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகல" என்றார்.

அவருக்குப் பின்னால் சமையலறை வாசலில் அவர் மனைவி வந்து நின்றார். மெல்லிய குரல். "நேரமாச்சு, எல்லாரையும் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். தோழர் திரும்பவில்லை. கிளினிக்குக்குப் புதிதாக வாங்கிய நாற்காலியின் பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார். இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று உள்ளே திரும்பப் போனார். அந்தத் திரும்பலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"இருங்க," என்று என் மனைவி எழுந்தாள். "சாப்பிட்டுத்தான் போறோம். நான் வந்து தட்டு எடுத்து வைக்கறேன்."

அந்த அம்மா அவளைப் பார்த்தார், பிறகு அவள் காதைப் பார்த்தார். இரண்டு பேரும் சமையலறைக்குள் போனார்கள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தோழர் என்னிடம், "என்ன, எங்கே போறாங்க? என்ன சொன்னா?" என்று கேட்டார். பம்பரம் தாளை மடியில் விரித்து, சோபாவில் அவருக்கு நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.